தாய்மாமன் கொண்டுவந்த டிவி

காடாம்பாடி,
6.7.2025, ஞாயிறு.

என் உடன்பிறந்தவன் கதிரேசனுக்கு,

உன் அக்கா பாவாத்தாள் எழுதுவது. நானும் உன் மச்சானும் சுகம். நீயும் செல்வியும் சுகமாக இருப்பது எனக்குத் தெரியும், செல்வி வாரம் தவறாமல் போனில் பேசுகிறாள். சத்தியம் செய்தது நீதானே, உன் பெண்டாட்டி இல்லையே. அதற்காக அவளைச் சத்தம் போடாதே.

என்னோடு இனி பேச மாட்டேன் என்றுதான் நீ சொன்னாய். படிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. வாட்சப்பிலும் என்னை வராதபடி செய்து வைத்திருக்கிறாய். செல்வியிடம் சொல்லி அனுப்பலாமென்றால் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது, உன் காதுக்கு வருவதற்குள் பாதியைத் தொலைத்துவிடுவாள். அதனால்தான் சூலூருக்கும் போத்தனூருக்கும் நடுவே இத்தனை பஸ் ஓடும்போது தம்பிக்குத் தபால் எழுதுகிறேன். தபால் ஆபீசில் என்னை ஒரு மாதிரிதான் பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். உன் அக்கா மகள் பிரியா டெல்லியில் மதிவதனி அம்மா என்கிற பெரிய வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறாள் அல்லவா. ஆலை விடுதிகளில் தங்கி வேலை பார்க்கிற பெண்பிள்ளைகளுக்காக அந்த அம்மா ஒரு வழக்கு நடத்துகிறார்கள். ஆகஸ்ட் ஏழாம் தேதி விசாரணை. அந்தப் பிள்ளைகள் தமிழில் சொன்னதையெல்லாம் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தது நம் பிரியாதான். கவுன் போட்டுக்கொண்டு அந்த அம்மாவுக்குப் பின்னால் நிற்பாளாம். கோர்ட்டே அதை யூடியூபில் நேராகக் காட்டுமாம்.

போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள். நான் ஒருத்தி பார்ப்பதென்றால் சரி. எங்கள் தறிக்குடோனில் என்னோடு நூலைச் சுற்றிக் கோன் போடுகிற பங்காரம்மா முதல் கடைசி வீடு வரைக்கும் எல்லாரும் வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். விடுதியில் இருந்து வேலை பார்த்தவர்கள் எங்கள் தெருவிலேயே எத்தனை பேர். இத்தனை பேர் ஒரு போனுக்குள் எப்படித் தலையை விடுவது?

வீட்டில் இருப்பது நீ கொடுத்த டிவிதான். பிரியா பெரியவளானபோது திரட்டிச் சீருக்கு டெம்போவில் ஏற்றி, முன்னால் மேளம் வைத்துக் கொண்டுவந்தாயே, அதே டிவி. தெருவில் எல்லா வீட்டிலும் சர்க்கார் கொடுத்த சின்ன டிவி இருந்தபோது நம் வீட்டில் மட்டும் இருபத்தொரு இஞ்சு. அதில் யூடியூப் வருமா? என்ன வாங்க வேண்டும், எதை எதில் செருக வேண்டும்? மூவாயிரத்துக்குள் முடிய வேண்டும். உன் வீட்டில் நீயே எல்லாம் பார்த்துப் பார்த்து மாட்டியிருப்பதாகச் செல்வி சொன்னாள்.

அன்றைக்கு நீயும் வர வேண்டும். பேச வேண்டாம். வந்து உட்கார்ந்தால் போதும்.

இப்படிக்கு,
உன் அக்கா,
பாவாத்தாள்

✽

போத்தனூர்,
11.7.2025

அக்கா பாவாத்தாள் அவர்களுக்கு,

கதிரேசன் எழுதிக்கொள்வது. கடிதம் கிடைத்தது. டிவி சம்பந்தமாகக் கேட்டிருப்பதால் பதில் எழுதுகிறேன். வேறு எதற்கும் இல்லை.

அந்த டிவி பழைய பெட்டி டிவி. அதில் நேராக எதுவும் வராது. இப்போது முப்பத்திரண்டு இஞ்சில் ஸ்மார்ட் டிவி மலிவாகவே கிடைக்கிறது. பழையதை எடைக்குப் போட்டுவிட்டு அப்படி ஒன்று வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். இல்லை, பழையதிலேயே பார்க்க வேண்டுமென்றால், டிவிக்குப் பின்னால் என்னென்ன ஓட்டைகள் இருக்கின்றன என்று பார்த்து எழுதுங்கள். தட்டையாக ஒன்று இருக்கிறதா, வட்டமாக வண்ணம் பூசிய ஓட்டைகள் இருக்கின்றனவா என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு சொல்ல முடியும். டிவியை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள்.

ஏழாம் தேதி வருவதற்கில்லை.

ஏன் என்று கேட்டுவிடாதீர்கள். பிரியா பிறந்தபோது ஏணை கட்டிய சேலை என் கையால் வந்தது. அவள் பெரியவளானபோது உடுத்திய முதல் சேலை என் கையால் வந்தது. வக்கீலாகிக் கவுன் போடும்போது அதுவும் தாய்மாமன் கவுனாகத்தான் இருக்கும் என்று ரயில்வே லைனில் என்னோடு வேலை செய்கிற கேங் ஆட்கள் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருந்தேன். சிக்னல் செக்‌ஷனில் இருக்கிற என் சிநேகிதன் ஜெரோம்கூட, "கதிரேசா, அன்னிக்கு எங்களுக்குப் பிரியாணி உண்டுல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் சென்னையில் கவுன் போட்டு நின்ற போட்டோவை யாரோ ஒரு பிள்ளையின் ஸ்டேட்டஸில் நான் பார்த்தேன். எனக்கு முன்னால் ஜெரோம் பார்த்தான். மாமன் என்ன, தண்டவாளத்தில் கல்லுக் கொத்துகிறவன்தானே, அவன் வாங்கித் தந்தால் கோர்ட்டில் மதிப்பிருக்காது என்று நினைத்துவிட்டீர்கள்.

மச்சானைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
கதிரேசன்

✽

காடாம்பாடி,
15.7.2025

தம்பி கதிரேசனுக்கு,

கவர் மேலேயே "அவர்களுக்கு" என்று எழுதியிருக்கிறாய். பஞ்சாயத்து ஆபீசிலிருந்து வந்த நோட்டீஸ் என்று நினைத்து உன் மச்சான் பயந்துபோய்ப் பிரிக்காமல் வைத்திருந்தார். ஆலையில் வாட்ச்மேன் வேலை பார்க்கிறவருக்கு வீட்டில் ஒரு கவரைக் கண்டால் பயம்.

டிவிக்குப் பின்னால் பார்த்தேன். முதலில் ஒட்டடையைத்தான் பார்த்தேன், அப்புறம் பல்லி முட்டை. எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் பார்த்தால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வட்ட ஓட்டைகள். அதற்கு மேலே கேபிள் ஒயர் செருகுகிற ஒன்று. தட்டையாக எதுவும் இல்லை.

சூலூரில் ஒரு கடைக்கும் போய் விசாரித்தேன். அந்தப் பையன் என்னைச் சுவர் அகலத்துக்கு இருக்கிற டிவி முன்னால் நிறுத்தி வைத்து, "தவணையில எடுத்துக்கங்க அம்மணி, மாசம் கொஞ்சம் கொஞ்சமாக் கட்டிக்கலாம்" என்றான். பிரியாவின் படிப்புக்கு வாங்கிய கடனே இப்போதுதான் தீர்ந்தது, இன்னொரு தவணைக்கு நான் போக மாட்டேன்.

ஆனால் கையில் பணம் இருந்தாலும் நான் புது டிவி வாங்க மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். என் மகள் டெல்லியில் கவுன் போட்டு நிற்கப்போகிறாள். அதை இந்தத் தெரு எதில் பார்க்க வேண்டும்? கடையில் தவணைக்கு எடுத்த டிவியிலா? அவள் தாய்மாமன் மேளம் வைத்துக் கொண்டுவந்த டிவியில்தான் பார்க்க வேண்டும். அதை எடைக்குப் போடச் சொல்கிறாய். உன் சீரை எடைக்குப் போட உனக்கே உரிமை கிடையாது.

இன்னொன்று. நீ வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனாயே, அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சென்னைக்கு நானும் போகவில்லை, மச்சானும் போகவில்லை. வக்கீலாகப் பதிவு செய்யத் திடீரென்று தேதி வந்தது, பிரியா சிநேகிதிகளோடு ரயிலேறிப் போய்ப் பதிவு செய்துகொண்டு வந்துவிட்டாள். அந்தப் போட்டோவை நானும் ஸ்டேட்டஸில்தான் பார்த்தேன். பெற்றவள் எனக்கே அவ்வளவுதான் கொடுப்பினை. சத்தம் போடுகிற ஆளுக்கு விளக்கம் சொல்லுகிற பழக்கம் எனக்கு இல்லை, அதனால் சொல்லவில்லை.

கல்லுக் கொத்துகிறவன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை மட்டும் அடித்துவிட்டுத்தான் மச்சானிடம் கடிதத்தைக் கொடுத்தேன்.

அடுத்து என்ன வாங்க வேண்டும் என்று எழுது.

உன் அக்கா,
பாவாத்தாள்

✽

போத்தனூர்,
20.7.2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

கதிரேசன் எழுதுவது. நீங்கள் எழுதியதைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன் என்று செல்வி உங்களிடம் சொல்லியிருப்பாள், அவள் வாயில் எதுவும் நிற்காது.

நீங்களும் சென்னைக்குப் போகவில்லை என்பது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் மனசு ஆறவில்லை. யாருமே வாங்கித் தராமல் பிள்ளை தானாகப் போய் ஒரு கவுனை வாங்கிப் போட்டுக்கொண்டாள் என்றால் அது எனக்கு இன்னும் அவமானம்தான். அதை விடுங்கள். டிவிக்கு வருகிறேன்.

மஞ்சள், வெள்ளை, சிவப்பு இருந்தால் போதும். வேலை நடக்கும். வேண்டியது இரண்டு சாமான். ஒன்று, ஸ்டிக். கைவிரல் நீளத்துக்கு இருக்கும், அதற்குள்தான் யூடியூப் இருக்கிறது. புதிதாக வாங்காதீர்கள். ஜெரோம் புது டிவி வாங்கிவிட்டதால் அவனுடைய பழைய ஸ்டிக் சும்மா கிடந்தது. ரிமோட்டோடு பேசி வாங்கிவிட்டேன். செல்வி வெள்ளிக்கிழமை உங்கள் பக்கம் வருகிறாள், கொண்டுவந்து தருவாள். விலை கேட்க வேண்டாம்.

இரண்டாவது, ஒரு சின்னப் பெட்டி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதைக் கன்வர்ட்டர் என்பார்கள். ஸ்டிக்கின் முனை தட்டையானது, உங்கள் டிவியின் ஓட்டை வட்டமானது, நடுவில் அந்தப் பெட்டிதான் மாற்றிக் கொடுக்கும். சில நூறு ரூபாய்தான். ஆனால் இதில் இரண்டு ஜாதி உண்டு, பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஒன்று தட்டையிலிருந்து வட்டத்துக்கு மாற்றும், இன்னொன்று வட்டத்திலிருந்து தட்டைக்கு மாற்றும். உங்களுக்கு வேண்டியது எச்டிஎம்ஐ டு ஏவி. பெட்டியின் மேல் அப்படியே எழுதியிருக்கும். கடைக்காரர் சொல்வதைக் கேட்காமல் எழுத்தைப் படித்து வாங்குங்கள்.

ஸ்டிக்குக்கும் பெட்டிக்கும் தனித்தனியாகக் கரண்ட் வேண்டும். போன் சார்ஜர் இரண்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வைஃபை இழுக்க வேண்டாம், மச்சான் போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் போதும். படத்தின் தரத்தை 360 என்று வைத்தால் அன்றன்றைக்கு வருகிற டேட்டாவிலேயே ஓடும். அந்த டிவியில் அதற்கு மேல் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது, வீணாகப் போகும். டிவி ரிமோட்டில் ஏவி என்ற பட்டனை அமுக்கினால்தான் படம் தெரியும்.

ஏழாம் தேதி காலையில் மாட்டலாம் என்று இருக்காதீர்கள். முன்கூட்டியே ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

நான் வருவது பற்றிக் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
தம்பி கதிரேசன்

✽

காடாம்பாடி,
28.7.2025

தம்பிக்கு,

செல்வி ஸ்டிக்கைத் தந்தாள். விலை கேட்க வேண்டாம் என்று நீ எழுதியதால் அவளிடம் கேட்டேன், அவளும் சொல்லவில்லை. சரி, இதையும் சீரில் சேர்த்துக்கொள்கிறேன்.

நீ அவ்வளவு சொல்லியும் தப்பான பெட்டியைத்தான் வாங்கிவந்தேன். எழுத்தைப் படித்தேன், இரண்டு பெயரும் அதில் இருந்தன, எச்டிஎம்ஐயும் இருந்தது ஏவியும் இருந்தது. கடைக்காரர் வேறு, "ரெண்டும் ஒண்ணுதானுங்க அம்மணி" என்றார். வீட்டுக்கு வந்து மாட்டினால் டிவி முழுக்க நீல நிறம். பங்காரம்மா வந்து பார்த்துவிட்டு, "கோர்ட்டுக்கு இன்னும் சுண்ணாம்பு அடிக்கல போல" என்றாள். மறுபடி போய்ச் சண்டை போட்டு மாற்றிக்கொண்டு வந்தேன். கடைக்காரர் மாற்றித் தர முடியாது என்றபோது, "எந்தம்பிகிட்டக் கேட்டுட்டுத்தான் வந்திருக்கறேன்" என்று உன் பேரைச் சொல்லித்தான் சத்தம் போட்டேன்.

இப்போது படம் வருகிறது. ஏதோ ஒரு பழைய விசாரணையைப் போட்டுப் பார்த்தோம். வந்தது, ஆனால் கறுப்பு வெள்ளையில் வருகிறது. உன் மச்சானிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கோர்ட்டுல எல்லாமே கறுப்பும் வெள்ளையுந்தானே, இதுக்கு மேல என்ன கலர் வேணும்" என்று சொல்லிவிட்டு டூட்டிக்குப் போய்விட்டார். அந்த மனுஷனோடு இத்தனை வருஷம் நான் குடும்பம் நடத்துகிறேன்.

அதுகூடப் பரவாயில்லை. படத்தின் ஓரம் வெட்டுப்படுகிறது. இடது பக்கம் நிற்கிற வக்கீலுக்குப் பாதி முகம்தான் தெரிகிறது. ஜூனியர்கள் எல்லாம் ஓரமாகத்தான் நிற்பார்களாம், பிரியாவே சொன்னாள். ஊரைக் கூட்டி உட்கார வைத்துவிட்டு, என் மகள் அந்த ஓரத்துக்கு அப்பால் நின்றால் நான் என்ன செய்வேன்? நடுவில் நிற்கச் சொல்லி ஜட்ஜுக்குத் தந்தி கொடுக்க முடியுமா?

கதிரேசா, ஒரு வார்த்தை சொல்கிறேன். கவுன் யார் வாங்கியது என்கிற கணக்கை நீ வைத்துக்கொள், நான் கேட்கவில்லை. நம் அப்பனும் ஆத்தாளும் வேலைக்குப் போன தோட்டத்தில் பண்ணையக்காரர் வீட்டு டிவியை ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம் நீயும் நானும். நீ குள்ளமாக இருந்தாய் என்று நான் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். இப்போது நம் வீட்டு டிவியில் நம் பிள்ளை வருகிறாள். நீ பக்கத்தில் இல்லாமல் நான் அதைப் பார்த்தால் எனக்குப் பாதி சந்தோஷம்தான். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

நீ வந்து மாட்டிக் கொடுத்தால் என்ன? வாயைத் திறக்காமலேயே ஒயர் மாட்டலாம்.

அக்கா,
பாவாத்தாள்

✽

போத்தனூர்,
2.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பெட்டியின் பக்கவாட்டில் நகத்தால் தள்ளுகிற மாதிரி குட்டி சுவிட்ச் ஒன்று இருக்கும். ஒரு பக்கம் என்டிஎஸ்சி, இன்னொரு பக்கம் பி ஏ எல், பால் என்று எழுதியிருக்கும். அதைப் பால் பக்கம் தள்ளுங்கள். நம் ஊர்ப் பழைய டிவிகளுக்கு அதுதான். கலர் வந்துவிடும்.

ஓரம் வெட்டுப்படுவதற்கு ஸ்டிக்கின் செட்டிங்ஸுக்குள் போய், டிஸ்ப்ளே என்பதில் படத்தின் அளவைக் குறைக்க வேண்டும். நான்கு மூலையிலும் அம்புக்குறி தெரிகிற வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். அவசரப்படாமல் செய்தால் முடியும்.

எனக்கு அன்று டூட்டி இருக்கிறது. மழைக்காலத்தில் லைனை விட்டு நகர முடியாது. சாப்பாட்டு நேரத்தில் ஜெரோம் போனில் பார்த்துக்கொள்கிறேன்.

ஜன்னல் விஷயத்தை ஞாபகப்படுத்தியிருக்க வேண்டியதில்லை.

தம்பி,
கதிரேசன்

✽

போத்தனூர்,
9.8.2025, சனி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி கதிரேசன் எழுதுவது. சத்தியம் உடைந்துவிட்டது, இனி போனிலேயே பேசலாம். ஆனால் இதை வாயால் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். ஏழாம் தேதி உங்கள் வீட்டிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் நான் எழுந்து போனது பற்றித் தெருவில் என்ன பேசினார்களோ தெரியாது.

அன்றைய டூட்டியை ஜெரோம் சொல்லித்தான் வேறு ஆளுக்கு மாற்றினேன். "உன் ரோசத்தப் பொட்டில போட்டுப் பூட்டிட்டுப் போ, வந்து எடுத்துக்கலாம்" என்று திட்டி அனுப்பினான். நான் உள்ளே வந்ததும் நீங்கள் வாங்க என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டீர்கள். நல்ல வேளை. அப்போது என் முகத்தை நீங்கள் பார்த்திருந்தால் நான் திரும்பிப் போயிருப்பேன்.

ஓரம் அப்போதும் கொஞ்சம் வெட்டித்தான் இருந்தது, சரிசெய்தேன். மஞ்சள் முனை லூசாக இருந்ததால் அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் வரைக்கும் இங்கிலீஷ். ஒருத்தருக்கும் ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் ஒருத்தரும் எழுந்து போகவில்லை. பங்காரம்மா மட்டும், "நம்ம புள்ள எப்பங்க பேசும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிரியா பின்வரிசையில் காகிதங்களை எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் குனியும்போதெல்லாம் நானும் குனிந்து பார்த்தேன்.

அப்புறம் ஜட்ஜ் ஏதோ கேட்டார். மதிவதனி அம்மா திரும்பிப் பிரியாவைக் கையைக் காட்டினார்கள். பிரியா எழுந்து நின்றாள். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி சொன்னதை முதலில் தமிழிலேயே படித்தாள். "ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் கேட்டத் தொறப்பாங்க, அப்பவும் வார்டன் கூடவே வரும்." அதற்கப்புறம் இங்கிலீஷில் விளக்கிச் சொன்னாள். ஐயா ஜட்ஜுகள் எல்லாரும் அவளைப் பார்த்தபடியே இருந்தார்கள். காலையிலிருந்து அத்தனை இங்கிலீஷுக்கு நடுவில் நம் தமிழ் வந்ததும் எல்லாரும் டிவியை நெருங்கி உட்கார்ந்தார்கள். விடுதியில் இருந்த பொண்ணுகள் யாரோ அழுதது கேட்டது. எங்கள் அக்கா மகள், நான் கொண்டுவந்த டிவிக்குள் நின்று, இந்த நாட்டின் பெரிய கோர்ட்டுக்கு நம் பிள்ளைகள் சொன்னதை எடுத்துச் சொல்கிறாள். என் வாழ்நாளில் அவ்வளவு கர்வமாக நான் உட்கார்ந்ததில்லை.

அவள் தாளைத் திருப்பக் கையைத் தூக்கினாள். கவுன் கை விரலையும் தாண்டித் தொங்கியது. ஒதுக்கி ஒதுக்கி விட்டுக்கொண்டு படித்தாள். தோள்பட்டையில் ஒரு பக்கம் நழுவி நழுவி இறங்கியது. பிறந்ததிலிருந்து அவளுக்குத் துணி எடுத்தவன் நான், அவள் அளவு எனக்குத் தெரியும். அப்போதுதான் என்னை அறியாமல் வாய் திறந்துவிட்டது. "அக்கா, அது யாரோட துணி?" என்று கேட்டேன். நீங்கள், "தெரியலியே கதிரேசா" என்றீர்கள். அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்க முடியாமல் நடந்துகொண்டே பிரியாவுக்குப் போன் போட்டேன். உங்களோடு பேச்சை நிறுத்தியதிலிருந்து அவளோடும் நான் பேசவில்லை. எடுத்தவுடன், "பாத்தீங்களா மாமா?" என்றாள். பார்த்தேன் கண்ணு என்று சொல்லிவிட்டு, போட்டிருந்தது யாருடைய கவுன் என்று கேட்டேன்.

"ஆபீஸ்ல கூட இருக்கற அக்காவோடதுங்க மாமா. அவங்க கொஞ்சம் உயரம்."

"உன்னோடது எங்கெ?"

"எனக்கு இல்லீங்களே. நீங்க இன்னும் எடுத்துத் தரலியே."

"அப்ப சென்னையில போட்டிருந்தது?"

"அது பிரண்டோடதுங்க. பேரு கூப்பிடக் கூப்பிட மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டோம்."

வக்கீலானதிலிருந்து இன்றுவரைக்கும் அவள் இரவல் கவுனில்தான் கோர்ட்டுக்குப் போயிருக்கிறாள் அக்கா. நான் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல கண்ணு" என்றேன்.

"சீரக் கேட்டு வாங்குவாங்களா மாமா?" என்றாள்.

நான் வீம்பாக இருந்தேன், நீங்கள் வீம்பாக இருந்தீர்கள், அந்தப் பிள்ளை நம் இரண்டு பேரையும் மிஞ்சிவிட்டாள்.

நேற்று சாயங்காலம் செல்வியையும் கூட்டிக்கொண்டு ஒப்பணக்கார வீதிக்குப் போய் நல்ல துணியாக எடுத்துவிட்டேன். கோர்ட்டுப் பக்கம் கவுன் மட்டுமே தைக்கிற டெய்லர் ரசாக் பாய் ஒருத்தர் இருக்கிறார், கொடுத்தாயிற்று. அளவு சொல்லுங்கள் என்றார், நானே சொன்னேன். ஆடி கழியட்டும், ஆவணியில் நல்ல நாள் பாருங்கள். எனக்கு ரயில்வே பாஸ் இருக்கிறது, உங்களுக்கும் மச்சானுக்கும் நான் டிக்கெட் எடுக்கிறேன். டிவியில் பார்த்தது போதும், நேரில் பார்ப்போம். கோர்ட்டில் உள்ளே விடாவிட்டாலும் வாசலிலேயே நின்று என் கையால் போட்டுவிட வேண்டும். அதற்கெல்லாம் அங்கே விடுவார்களா, யாராவது ஏதாவது சொல்வார்களா என்று பிரியாவிடம் நீங்கள்தான் கேட்டுச் சொல்ல வேண்டும். எனக்குக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

என்றும் உங்கள் தம்பி,
கதிரேசன்

✽

காடாம்பாடி,
13.8.2025

கதிரேசனுக்கு,

நீ போனில் கூப்பிட்டபோது நான் ம், ம் என்று மட்டும் சொன்னதாகச் செல்வியிடம் வருத்தப்பட்டாயாம். குடோனில் இருந்தேன், எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், வேறு என்ன சொல்வது? அதுவுமில்லாமல் எழுதிக் கொடுத்தால்தான் பின்னால் நீ மாற்றிப் பேச முடியாது.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிரியா மேல்தான். தினமும் பேசுகிறாள், சோறு என்ன ஆக்கினாய், அப்பாவுக்கு முட்டிவலி எப்படி என்று கேட்கிறாள், இரவல் துணியில் நிற்கிறேன் என்று என்னிடம் ஒரு நாள் சொன்னாளா? பெற்ற தாயிடம்கூட வாயைத் திறக்கவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அழுதுகொண்டே எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். உன் மச்சானிடம் படித்துக் காட்டினேன். "அவ சொன்னது சரிதானே" என்றார். அவர் இந்த வருஷம் சொன்னதிலேயே உருப்படியான வார்த்தை அதுதான்.

நீ எழுந்து போனதை ஒருத்தரும் தப்பாகப் பேசவில்லை. அழுகையை மறைக்கப் போகிறார் என்று பங்காரம்மா சொல்லிவிட்டாள். நீ போன பிறகும் மஞ்சள் முனையை அவள்தான் கோர்ட்டு முடிகிற வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிரியா படித்த அந்தத் துண்டை மட்டும் மறுபடி மறுபடி போடச் சொல்லி இப்போதும் தினமும் நாலு பேர் வருகிறார்கள். வேலை முடிந்து வந்து சோறு ஆக்க விடமாட்டேன் என்கிறார்கள், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

ஆவணி பதினைந்துக்கு மேல் நாள் நன்றாக இருக்கிறது. மச்சானுக்கு லீவு கேட்டாயிற்று. இதுவரைக்கும் லீவே கேட்காத ஆள், எதற்கு என்று மேனேஜர் கேட்டதற்கு, "மச்சினன் சீர் கொண்டு போறானுங்க, டெல்லிக்கு" என்றாராம். ஆலை முழுக்க இப்போது அதே பேச்சு. தாம்பாளம் நான் எடுத்துவருகிறேன். பூவும் வெற்றிலையும் அங்கே கிடைக்குமோ கிடைக்காதோ, நாம் இங்கிருந்தே கொண்டுபோய்விடலாம். தேங்காய் மட்டும் பொள்ளாச்சித் தேங்காயாக நீ பார்த்து வாங்கு.

நீ கேட்கச் சொன்னதைப் பிரியாவிடம் கேட்டேன். மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் வக்கீல் குரலை வரவழைத்துக்கொண்டு சொன்னாள்: "கோர்ட்டு வாசல்ல தாய்மாமன் சீர் செய்யக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்லீங்கம்மா. மேளம் மட்டும் வேண்டாம்னு மாமாகிட்டச் சொல்லிருங்க."

உன் அக்கா,
பாவாத்தாள்